சப்பாத்திக்கள்ளியும் செஞ்சாயப் பூச்சியும்: வடஆர்க்காட்டு வறள்நிலத்தில் அயல் தாவரம் ஒன்றின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, சென்னை மாகாணத்தின் வறள்நிலங்களில் வேலியாகவும் பஞ்சகாலத் தீவனமாகவும் பெருங்களையாகவும் விளங்கியது. தமிழில் ஒரே பெயரால் சுட்டப்படும் இச்செடி, தாவரவியல் நோக்கில் பல இனங்களின் தொகுப்பாகும். செஞ்சாயம் பெறுவதற்கென நிகழ்ந்த கம்பெனிக் கால முயற்சியின் தோல்வி, அதற்கெனக் கொண்டுவரப்பட்ட பூச்சி ஒரு கள்ளி இனத்தை அழித்தமை, 1926இல் வேறொரு பூச்சியைக் கொண்டு மற்றோர் இனம் ஒடுக்கப்பட்டமை ஆகிய மூன்று திருப்பங்களையும் இந்த இன வேறுபாடே தீர்மானித்தது. பாலாற்றுப் பள்ளத்தாக்கின் தோல் வட்டாரத்தை மையமாகக் கொண்டு இவ்வரலாற்றை ஆராயும் இக்கட்டுரை, முள்ளில்லாக் கள்ளியை மீண்டும் பயிரிடும் இன்றைய சிந்தனைக்கு அது தரும் பாடத்தையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சப்பாத்திக்கள்ளி, நாகதாளி, கொச்சினீல், வடஆர்க்காடு, தாது வருடப் பஞ்சம், உயிரியல் கட்டுப்பாடு, தோல் பதனிடுதல்.

முன்னுரை

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை இணைக்கும் பாலாற்றுப் பள்ளத்தாக்கு தோல் பதனிடும் தொழிலால் அறியப்படுகிறது. முன்னர் வடஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 2019இல் நிகழ்ந்த மறுசீரமைப்பிற்குப் பின்னர் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியுள்ளது. ஏரிப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பிய வேளாண்மை, மழை பொய்த்தால் மேய்ச்சலை இழக்கும் கால்நடைகள், அக்கால்நடைகளின் தோலை நம்பிய தொழில் ஆகியன இங்கு ஒன்றோடொன்று பிணைந்தவை. இப்பிணைப்பினுள் கள்ளிக்கும் ஓர் இடம் இருந்தது. தோல் தொழிலின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ள அளவிற்கு, அதன் சூழலில் வளர்ந்த இத்தாவரத்தின் வரலாறு தமிழ் ஆய்வுலகில் கவனம் பெறவில்லை.

பெயரும் இனமும்

'கள்ளி' என்னும் சொல் தமிழில் மிகத் தொன்மையானது. சங்க இலக்கியத்தில் பாலை நிலத்தின் அடையாளங்களுள் ஒன்றாக அது இடம்பெறுகிறது. எனினும் அந்தக் கள்ளி சப்பாத்திக்கள்ளி அன்று. இதற்கான அகச்சான்று குறுந்தொகையின் 174ஆம் பாடலிலேயே உள்ளது. கள்ளியின் காய் வெடிக்கும் ஒலி கேட்டுப் புறாக்கள் வெருண்டு பறப்பதை அப்பாடல் சித்திரிக்கிறது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி முதலான யூஃபோர்பியா வகைகளின் காய் உலர்ந்து வெடித்து விதைகளைச் சிதறடிக்கும் இயல்புடையது. சப்பாத்திக்கள்ளியின் கனியோ சதைப்பற்றுள்ளது, அது வெடிப்பதில்லை. முன்னதை ஒடித்தால் பால் வடியும். பின்னதில் வழவழப்பான சாறு மட்டுமே உண்டு. எனவே சங்கக் கள்ளி இம்மண்ணுக்குரிய யூஃபோர்பியாவே என்பது தெளிவு. சப்பாத்திக்கள்ளி அடங்கும் காக்டேசி குடும்பம், ஒரேயொரு தொற்றுத்தாவர இனம் நீங்கலாக, முழுவதும் அமெரிக்கக் கண்டத்திற்குரியது. ஐரோப்பியக் கடல் வாணிகத்திற்கு முன்னர் அது தமிழகத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

புதிதாக வந்த செடியைத் தமிழர் தாம் முன்பே அறிந்த கள்ளி வகையுள் சேர்த்து அடைமொழி தந்தனர். தட்டையான தண்டு பாம்பின் படத்தை ஒத்திருந்ததால் 'நாகதாளி' என்னும் பெயர் ஏற்பட்டது. 'சப்பாத்திக்கள்ளி' என்பதோடு 'சப்பாத்துக்கள்ளி' என்னும் வடிவமும் வழக்கில் உண்டு. சப்பாத்து என்பது காலணியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லின் தமிழ் வடிவமாகும். வடஆர்க்காட்டின் எல்லையிலுள்ள தெலுங்கு மக்களும் இதே முறையைப் பின்பற்றினர். யூஃபோர்பியாவைக் குறிக்கும் 'ஜெமுடு' என்னும் சொல்லோடு நாகம் என்பதைச் சேர்த்து 'நாகஜெமுடு' என்றனர். உருது வழக்கிலுள்ள 'நாக்பனி' என்னும் பெயரும் பாம்பின் படத்தையே சுட்டுகிறது. மூன்று மொழிகளும் செடியின் வடிவத்தை நோக்கிப் பெயரிட்டனவேயன்றி, அதனுள் அடங்கிய இனங்களைப் பிரித்துக் காணவில்லை.

ஐரோப்பியத் தாவரவியலாளரும் நெடுங்காலம் இத்தெளிவின்மையோடுதான் இருந்தனர். 1753இல் லின்னேயஸ் இவற்றைக் காக்டஸ் என்னும் பேரினத்துள் அடக்கினார். 1754இல் பிலிப் மில்லர் ஒபன்ஷியா என்னும் பேரினத்தைத் தனியே வகுத்தார். ஜான் ஜேக்கப் தில்லேனியஸின் பெயரால் 1818இல் விவரிக்கப்பட்ட காக்டஸ் தில்லெனி, மறு ஆண்டே ஹாவொர்த் என்பவரால் ஒபன்ஷியா தில்லெனி ஆயிற்று. இந்தியாவில் காடாய்ப் பரவிய கள்ளிகள் எவ்வெவ்வினத்தைச் சேர்ந்தவை என்பதை முறையாக ஆராய்ந்து ஐ. எச். பர்கில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் வெளியீட்டில் எழுதியது 1911இல்தான்.

தென்னிந்திய வரலாற்றுக்கு இன்றியமையாத இனங்கள் நான்கு. முதலாவது, தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒபன்ஷியா மோனகாந்தா. பழைய நூல்களில் இது வல்காரிஸ் எனவும் குறிக்கப்படும். இரண்டாவது, கரீபியக் கடற்கரைகளுக்குரிய, மஞ்சள் முட்களையுடைய தில்லெனி. இன்று இது ஒபன்ஷியா ஸ்டிரிக்டாவின் ஒரு வகையாகவும் கருதப்படுகிறது. மூன்றாவது எலாட்டியர். நான்காவது, கனிக்காகவும் தீவனத்திற்காகவும் உலகெங்கும் பயிரிடப்படும் ஃபைகஸ் இண்டிகா. இதன் முள்ளில்லா வகைகளே இன்று பேசப்படுபவை.

செஞ்சாயக் கனவு: 1786 முதல் 1800 வரை

மெக்சிகோவின் பழங்குடியினர் நோப்பல் என்னும் கள்ளிகளில் வளர்த்த டாக்டிலோபியஸ் காக்கஸ் என்னும் பூச்சியிலிருந்து கொச்சினீல் என்ற செஞ்சாயம் கிடைத்தது. பட்டு, கம்பளி, உயர்வகைத் தோல் ஆகியவற்றிற்குச் சிவப்பூட்டிய இச்சாயத்தின் தனியுரிமை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஸ்பெயின் வசம் இருந்தது. 1777இல் தியரி டி மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஓவஹாகாவிலிருந்து பூச்சியைக் கமுக்கமாகக் கடத்தி செயின்ட் டொமிங்கோவுக்குக் கொண்டுசென்றது ஐரோப்பிய வல்லரசுகளின் வேட்கையைக் காட்டுகிறது.

சென்னையில் இவ்வேட்கைக்கு உருக்கொடுத்தவர் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786இல் சென்னைக்கு அருகே புல்லொன்றில் கண்ட பூச்சியைக் கொச்சினீலின் உறவு எனக் கருதிய அவர், லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். கியூ தாவரத் தோட்டத்திலிருந்து நோப்பல் செடிகள் வந்தன. சைதாப்பேட்டையில் ஒரு நோப்பல் தோட்டம் அமைந்தது. ஆண்டர்சனின் உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி அதன் பொறுப்பை ஏற்றார். இவ்வாறு செடி முதலில் வந்தது, பூச்சி வரவில்லை.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவிற்குப் பூச்சிகளைக் கொண்டுவந்தார். அவை கொச்சினீல் என்றே நம்பப்பட்டன. உண்மையில் அவை டாக்டிலோபியஸ் சிலோனிகஸ் எனப் பின்னாளில் பெயரிடப்பெற்ற வேறோர் இனம். உடல் சிறியது, பஞ்சுபோன்ற மெழுகுப் போர்வை மிகுதி, சாயமோ குறைவு. இப்பூச்சி விரும்பி உண்டதும் தென் அமெரிக்காவிலிருந்தே வந்த மோனகாந்தாவைத்தான். வெவ்வேறு கப்பல்களில் வெவ்வேறு காலங்களில் வந்த செடியும் பூச்சியும் தம் பழைய உறவை இந்திய மண்ணில் புதுப்பித்துக்கொண்டன. சாயத் தொழில் நிலைபெறவில்லை. 1800ஐ ஒட்டிச் சைதாப்பேட்டைத் தோட்டம் கைவிடப்பட்டது. சோழமண்டலக் கரையின் சாயவேரும் அரக்கும் தந்த சிவப்புக்கு மாற்றாகக் கருதப்பட்ட கொச்சினீல், வாணிகக் கணக்கில் தோல்வியாக முடிந்தது.

தோல்வியின் எதிர்பாராத விளைவு

வாணிகக் கணக்கில் மறைந்த பூச்சி நிலத்தில் மறையவில்லை. வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் மோனகாந்தா வேலிகள் பட்டுப்போயின. இவ்வழிவைக் கண்ட பின்னர், 1836 முதல் 1838 வரையிலான காலத்தில், இப்பூச்சி மோனகாந்தாவை ஒழிக்கும் நோக்கத்துடனேயே வடக்கிலிருந்து தென்னிந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. 1860களின் முற்பகுதியில் இலங்கைக்கும் சென்றது. களையை ஒழிக்கப் பூச்சியைத் திட்டமிட்டுப் பயன்படுத்தியதற்கு உலகில் அறியப்பட்ட முதற்சான்றாக உயிரியல் கட்டுப்பாட்டு வரலாறு இதனையே குறிப்பிடுகிறது.

இவ்வெற்றி ஓர் இனத்தோடு நின்றது. தில்லெனியையும் எலாட்டியரையும் சிலோனிகஸ் பூச்சி தாக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்மாவட்டங்களின் புறம்போக்கு, ஏரிக்கரை, சாலையோரம் ஆகியவற்றைச் சூழ்ந்து நின்றது பெரும்பாலும் தில்லெனிதான். ஒடிந்து விழும் ஒவ்வொரு தண்டும் வேர்விடும். கனியை உண்ணும் பறவைகள் விதையைப் பரப்பும். ஆதலால் வெட்டுவது களைவதாகாமல் நடுவதாகவே முடிந்தது. பாம்புகளுக்குப் புகலிடமாகவும் ஊரின் கழிவிடமாகவும் மாறிய கள்ளிப் புதர்கள் சுகாதார அதிகாரிகளுக்கும் வருவாய்த் துறைக்கும் தீராத சிக்கலாயின.

உழவர் பார்வை இதனின்று மாறுபட்டது. கல்லும் மரமும் விலைகொடுத்து வாங்க இயலாத புன்செய் உழவருக்குச் செலவில்லாத வேலி கள்ளிதான். ஆடுமாடுகள் நுழையா, நீர் வேண்டா, பழுதுபார்க்கும் வேலையும் இல்லை. கோட்டையைச் சூழ்ந்த காவற்காடு என்னும் தொன்மையான கருத்தாக்கம் ஊர்ப்புற வேலியில் தொடர்ந்ததாகவும் இதனைக் கொள்ளலாம். 1760இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்ட புதுச்சேரியைச் சூழ்ந்திருந்த எல்லை வேலியும் கற்றாழை முதலான முட்செடிகளால் ஆனதே. ஆகவே அரசு 'களை' என்றதும் உழவர் 'வேலி' என்றதும் ஒரே செடியையே.

பஞ்சமும் தோலும்

தில்லெனியின் மூன்றாவது முகம் 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் வெளிப்பட்டது. வடஆர்க்காடு கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. 1871இல் ஏறத்தாழ 20 இலட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 18 இலட்சமாகச் சரிந்தது. வைக்கோலும் புல்லும் தீர்ந்தபோது எஞ்சியிருந்த பசுமை கள்ளி மட்டுமே. முட்களை நெருப்பில் பொசுக்கி, தண்டைத் துண்டாக்கி, கிடைத்த உலர்தீவனத்தோடு கலந்து மாட்டுக்கு இடுவது பஞ்சகால முறை. பத்தில் ஒன்பது பங்கு அளவிற்கு நீரே நிறைந்த இத்தீவனத்தில் புரதம் மிகக் குறைவு. தனித்து இட்டால் கழிச்சல் உண்டாகும். ஆயினும் நீரும் தீவனமும் ஒருங்கே அற்ற நாள்களில் அது உயிர் தாங்கும் பொருளாயிற்று. மக்களும் அதன் கனியை உண்டு பசியாறினர்.

இறந்த கால்நடைகளின் தோல் வேறு வழியில் சென்றது. 1856இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை, சில ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டிருந்தது. ஆவாரம்பட்டையால் பதனிட்டுக் கடுக்காயால் முடிக்கப்பெற்ற தென்னிந்தியத் தோலுக்கு லண்டன் சந்தையில் நிலையான தேவை இருந்தது. கால்நடைகள் பெருமளவில் மடிந்த பஞ்ச ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் தோல் ஏற்றுமதி உயர்ந்தது. உழவரின் இழப்பு, தோல் மண்டிகளுக்கு மலிவான மூலப்பொருளாக மாறியது. ஏர்மாட்டைக் கள்ளியால் காக்க இயன்றவர் மழை திரும்பியதும் உழவைத் தொடர்ந்தார். இயலாதவரின் மாடு தோலாகத் துறைமுகம் சேர்ந்தது. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் கள்ளி வேலியும் தோல் தொட்டியும் இவ்வாறு ஒரே பஞ்சத்தின் இரு முனைகளாக நின்றன. கள்ளியைக் களை என மட்டும் பதிவுசெய்யும் வரலாறு இத்தொடர்பைக் காணத் தவறுகிறது.

1926: இரண்டாவது பூச்சி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கள்ளிச் சிக்கல் உலகளாவியதாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து அரசு, ஜான்ஸ்டன், டிரையன் ஆகிய இருவர் அடங்கிய பயணக் குழுவை 1912இல் பல நாடுகளுக்கு அனுப்பியது. இந்தியாவிற்கும் இலங்கைக்கும் வந்த அக்குழுவின் வழியாகச் சிலோனிகஸ் பூச்சி ஆஸ்திரேலியா சென்று, அங்கும் மோனகாந்தாவை ஒடுக்கியது. கல்கத்தாவில் தவறுதலாக வந்திறங்கிய பூச்சி, இப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட கருவியாகப் பயணம் செய்தது.

திரும்பிய பயணத்தில் வேறொரு பூச்சி வந்தது. வட அமெரிக்கத் தோற்றமுடைய டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே 1924இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கும், 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவிற்கும் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் இது டொமென்டோசஸ் என்னும் வேறு பெயரால் குறிக்கப்பட்டது. பூச்சியின் பெயரிலும் குழப்பம் தொடர்ந்ததற்கு இதுவே சான்று. இப்பூச்சி தில்லெனியையும் எலாட்டியரையும் தாக்கியது. பெண் பூச்சி இறகற்றது. தண்டில் வாயுறுப்பை ஊன்றி இடம்பெயராமல் சாற்றை உறிஞ்சும். அதன் இளங்குஞ்சுகளைக் காற்று அடுத்த புதருக்குக் கொண்டுசெல்லும். பூச்சி பற்றிய தண்டுகளை வெட்டிப் புதிய புதர்களின்மேல் வைப்பதே பரப்பும் முறை. அதற்கு மேல் செலவில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியினின்று விடுபட்டதாக உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வுகள் கணக்கிடுகின்றன. கோயம்புத்தூரில் பணியாற்றிய பூச்சியியலாளர் டி. வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியக் கள்ளிப் பூச்சிகளையும் அவற்றின் பொருளியல் முதன்மையையும் குறித்து 1931இல் எழுதினார்.

அரசின் நோக்கில் இது ஐயத்திற்கிடமற்ற வெற்றி. ஆனால் பூச்சி, புறம்போக்கில் நின்ற புதரையும் புன்செய் வரப்பில் நின்ற வேலியையும் வேறுபடுத்தவில்லை. பரவிய பூச்சியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. வேலியின் இடம் வெற்றிடமாக நீடிக்கவில்லை. 1877ஐ ஒட்டிக் கடப்பைப் பகுதியில் அறிமுகமான மற்றோர் அமெரிக்கத் தாவரமான புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா காலப்போக்கில் தமிழகமெங்கும் பரவியது. சீமைக்கருவேலம் என்னும் அம்மரத்திற்கு வழங்கும் 'வேலிகாத்தான்' என்ற பெயரே அது ஏற்றுக்கொண்ட பணியை உணர்த்துகிறது. இன்று பாலாற்றுப் படுகையில் களையாகப் பேசப்படுவது அம்மரமே. ஒரு காலத்தின் தீர்வு மறுகாலத்தின் களையாவது இருமுறை நிகழ்ந்துள்ளது.

இன்றைய பொருத்தம்

கள்ளி மீண்டும் பேசுபொருளாகியுள்ளது. முள்ளில்லா ஃபைகஸ் இண்டிகா வறள்நிலத் தீவனமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 2019இல் மெக்சிகோ நாட்டினர் இருவர் கள்ளித் தண்டிலிருந்து உருவாக்கிய 'டெசர்ட்டோ' என்னும் தோல் மாற்றுப்பொருளை மிலான் கண்காட்சியில் அறிமுகப்படுத்தினர். காலணித் தொழிலை நம்பிய ஆம்பூர் வட்டாரத்திற்கு இவ்விரண்டும் தொடர்பற்ற செய்திகள் அல்ல.

மேற்கண்ட வரலாறு இரண்டு எச்சரிக்கைகளைத் தருகிறது. முதலாவது நிலம் பற்றியது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு ஒவ்வாததாயிற்று என்பதைப் பதிவுசெய்தது. பாழ்பட்ட இந்நிலத்திற்குக் கள்ளி ஏற்றது என்னும் எண்ணம் எளிதில் தோன்றக்கூடும். ஆனால் ஃபைகஸ் இண்டிகா உப்பைத் தாங்கும் திறன் குறைந்தது. கடற்கரையில் வளரும் தில்லெனி உப்பைத் தாங்கும்; எனினும் அதன் முட்கள் தீவனத்திற்குத் தடை. வறட்சியைத் தாங்கும் என்பதாலேயே உவர்நிலத்தையும் தாங்கும் என முடிவுசெய்வது இனங்களைக் குழப்பும் பழைய பிழையின் புதிய வடிவமாகும்.

இரண்டாவது பூச்சி பற்றியது. மொராக்கோவில் 2014இல் காணப்பட்ட ஒபன்ஷியே பூச்சி சில ஆண்டுகளில் அந்நாட்டின் ஃபைகஸ் இண்டிகா தோட்டங்களைப் பேரழிவுக்கு உள்ளாக்கியது. அதே இனம் 1926 முதல் தென்னிந்தியாவில் உள்ளது. தென்னாப்பிரிக்க ஆய்வுகள் இவ்வினத்தினுள்ளேயே இரு உயிர்வகைகள் உண்டு எனவும், ஒன்று ஃபைகஸ் இண்டிகாவிலும் மற்றொன்று ஸ்டிரிக்டாவிலும் செழிக்கும் எனவும் காட்டியுள்ளன. தமிழகத்தில் நிலைத்துள்ள பூச்சி இவற்றுள் எவ்வகை சார்ந்தது, பயிரிடக் கருதும் கள்ளி வகையில் அது எவ்வாறு செயற்படும் என்பவற்றைச் சோதித்தறிவது நடவுக்கு முந்தைய பணி. சோதனையின்றி நடப்படும் கள்ளியின் இழப்பு, முன்னர் வேலியை இழந்த அதே சிறு உழவரையே சேரும்.

முடிவுரை

சென்னை மாகாணத்தில் சப்பாத்திக்கள்ளியின் வரலாறு மூன்று கட்டங்களில் அமைந்தது. முதற்கட்டத்தில் பூச்சி இனம் மாறியதால் சாயத் தொழில் தோற்றது. இரண்டாம் கட்டத்தில் அதே பூச்சி ஒரு கள்ளி இனத்தை மட்டும் அழித்தது. மூன்றாம் கட்டத்தில் வேறு பூச்சி வேறு இனங்களை ஒடுக்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் 'கள்ளி', 'கொச்சினீல்' என்னும் பொதுப்பெயர்கள் மறைத்த வேறுபாடே விளைவைத் தீர்மானித்தது. பயன், கேடு என்னும் மதிப்பீடுகளும் செடியின் இயல்பாக அமையாமல் மதிப்பிடுவோரின் நிலைப்பாட்டைச் சார்ந்தே அமைந்தன. கம்பெனிக்குச் சாயத்தின் விளைநிலமாகவும், சுகாதார அதிகாரிக்குக் களையாகவும், புன்செய் உழவருக்கு வேலியாகவும், பஞ்சத்தில் மாட்டைக் காத்தவருக்குத் தீவனமாகவும் ஒரே செடி விளங்கியது. வறள்நிலத் தாவரங்கள் குறித்த கொள்கைகள் தாவரவியல் அறிவை மட்டுமன்றி இந்தப் பன்முகப் பயன்பாட்டு வரலாற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தோல் வட்டாரத்தின் வாய்மொழி வழக்குகளிலும் ஊர்க் கணக்குகளிலும் கள்ளி வேலி பற்றிய செய்திகளைத் தொகுப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.